பெயர் மேட்டில், பீடம் பள்ளத்தில்

உடும்பஞ்சோலை தாலுகா ஆபீஸ் எங்கே என்று உடும்பஞ்சோலையில் போய்க் கேட்டால், கேட்டவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பஸ் நிற்குமிடத்தைக் காட்டுவார்கள். மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கி, பாறத்தோடு வழியாகப் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் போனால் வருகிறது நெடுங்கண்டம். தாசில்தார் அங்கேதான் இருக்கிறார். நீதிமன்றமும், தாலுகா ஆஸ்பத்திரியும், கல்லூரியும், பாலிடெக்னிக்கும் அந்தப் பக்கம்தான். உடும்பஞ்சோலைக்கு வாய்த்தது பெயர் மட்டும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிதாகப் படாது. தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர் கடலூராகவும், வடஆற்காட்டின் தலைநகர் வேலூராகவும் இருந்த காலத்தைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இடுக்கி மாவட்டமும் இந்த விஷயத்தில் சளைத்ததல்ல. அதன் தலைமையகம் பைனாவு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைநகர். ஊர் நடுவே சதுக்கம். சதுக்கத்தின் நடுவே நீதிமன்றக் கட்டடம். எந்த ஊருக்கு அந்தக் கட்டடம் என்பதற்காக ஊர்கள் மோதிக்கொண்ட கதைகள் அந்நாட்டில் ஏராளம். அரசாங்க மேஜை எந்த ஊருக்குப் போகிறதோ, கடைத்தெருவும் அந்த ஊருக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நெடுங்கண்டத்தில் சதுக்கம் கிடையாது. தட்டையாக அகன்ற நிலம் கிடைப்பதே அரிதான மலையில், கல்லாற்றை ஒட்டிய பள்ளத்தாக்கில் நீண்டு கிடக்கிற ஊர் அது. கண்டம் என்றால் மலையாளத்தில் வயல். நெடிய வயல் என்று பெயரை விளங்கிக்கொள்ளலாம். வருவாய்த் துறை ஏடுகளில் இந்தப் பகுதி வரும் கிராமத்தின் பெயர் கல்கூந்தல். குமுளியிலிருந்து மூணாறு போகும் சாலை ஊரின் ஊடே போகிறது. கம்பம்மெட்டுக்கும், கட்டப்பனைக்கும், தூக்குப்பாலம் வழியாக ராமக்கல்மேட்டுக்கும் இங்கிருந்து வழி பிரிகிறது. தாலுகா ஆபீஸ் ஏன் இங்கே என்ற கேள்விக்குச் சாலைகளே பாதி பதிலைச் சொல்லிவிடுகின்றன. மீதிப் பதில் வரலாற்றில் இருக்கிறது.

இந்த மலையின் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு படம். உடும்பு வாழ்ந்த சோலை உடும்பஞ்சோலை. மயில் ஆடிய பாறை மயிலாடும்பாறை. பாம்பு ஆடிய பாறை பாம்பாடும்பாறை. சாந்தன்பாறை, பூப்பாறை, சதுரங்கப்பாறை, வண்டன்மேடு. உள்ளே போனவன் புத்தி தடுமாறி வழி தொலைப்பான் என்று பெயரே எச்சரிக்கிற மதிகெட்டான்சோலை. தமிழன் படித்தால் தமிழ். மலையாளி படித்தால் மலையாளம். இரண்டு மொழிகளும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று கோடு போட இந்தப் பெயர்கள் இடம் தருவதில்லை. ஆனால் கோடு போட்டார்கள்.

கோடு போடுவதற்கு முன்னால் இங்கே இருந்தது ஏலம். மழைக்காடுகளின் நிழலில் தானாக விளைந்த ஏலக்காய்க்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம் நெடுங்காலம் தனியுரிமை கொண்டாடியது. பயிர் செய்தவர்களில் பெரும்பாலோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்தும் மேட்டுப் பாதைகளில் ஏறி வந்த தமிழர்கள். காய் எடுக்கும் பருவத்தில் மலையில் இருந்துவிட்டு, வேலை முடிந்ததும் இறங்கிப் போவது வழக்கம். கழுதைகளும் தலைச்சுமைக்காரர்களும் நடந்த அந்தத் தடங்கள்தாம் இன்று போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று செக்போஸ்ட்டுகளின் பெயராக நிற்கின்றன.

1897 ஆகஸ்டில் சமஸ்தானம் ஏலமலையைக் காப்புக்காடாக அறிவித்தது. அறிவிப்பில் கண்ட பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது இன்றளவும் ஓயாத வழக்கு. ஓர் எண்ணுக்கு முன்னால் ஒரு ‘2’ உண்டா இல்லையா என்பதில் இரண்டு லட்சம் ஏக்கராவின் தலையெழுத்து தொங்குகிறது. நிலம் வருவாய்த் துறையின் பொறுப்பு. அதன்மேல் நிற்கும் மரம் வனத்துறையின் பொறுப்பு. ஏலச்செடிக்கு நிழல் இல்லாமல் வாழ்வில்லை. நிழல் தரும் மரத்தின் கிளையை வெட்டுவதற்கோ அனுமதி வேண்டும். இந்த இரட்டை ஆட்சியில் நெடுங்கண்டத்துத் தாலுகா ஆபீசின் படிகள் தேயாமல் என்ன செய்யும்?

இரண்டாம் உலகப்போர் அரிசிப் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. பர்மா அரிசி நின்றுபோனதும், காட்டை வெட்டி உணவுப்பயிர் செய்யலாம் என்று திருவிதாங்கூர் அரசே குத்தகைக்கு நிலம் கொடுத்தது. பாலா, மீனச்சில், தொடுபுழா, மூவாற்றுப்புழா பக்கங்களிலிருந்து மலையாள விவசாயிகள், பெரும்பாலும் சிரியன் கிறிஸ்தவர்கள், குடும்பத்தோடு மலையேறினார்கள். யானைக்குப் பயந்து மரத்தின்மேல் ஏறுமாடம் கட்டிப் படுத்தார்கள். யானையைவிட அதிகமாக அவர்களைக் கொன்றது மலேரியா. மரச்சீனியும் நெல்லும் போட்டவர்கள், பின்னாளில் மிளகும் ஏலமும் போட்டார்கள்.

இந்தக் குடியேற்றத்துக்கு அரசியல் முகம் வந்தது 1950களின் நடுவில். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழர் பகுதிகள், அவை சென்னை மாநிலத்தோடு சேரவேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிய காலம். 1954இல் தலைவர்கள் இந்த மலைக்கே வந்து தடையை மீறிக் கைதானார்கள். அதன் எதிரொலியாக அவ்வாண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. திருவிதாங்கூர்-கொச்சியின் அன்றைய முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. அவரது அரசுதான் மலைப்பகுதிக் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கி, நெடுங்கண்டத்துக்கு அருகே கல்லாற்றில் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கரா கொடுத்து ஆட்களைக் குடியமர்த்தியது. அந்தக் குடியிருப்பு இன்றும் பட்டம் காலனிதான்.

உணவு உற்பத்திக்காகத்தான் குடியேற்றம் என்றது அரசு. தலைக்கணக்கை மாற்றத்தான் குடியேற்றம் என்றார்கள் தமிழர்கள். இரண்டுமே பொய்யில்லை. ஐந்து ஏக்கருக்காக மலையேறிய ஏழைக் குடியானவனுக்கு மாநில எல்லையைப் பற்றிய கவலை இருந்திருக்க முடியாது. அவனை ஏற்றிவிட்டவர்களுக்கு அந்தக் கவலை இல்லாமலும் இருந்திருக்க முடியாது.

பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் அமர்ந்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை தந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்துக்கு என்றது. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையினர் என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்ற வாதமும், கேரளத்தின் பொருளாதாரத் தேவை என்ற வாதமும் வென்றன. 1956 நவம்பர் 1 அன்று மலை கேரளத்தில் நின்றது. தேவிகுளத்திலிருந்து பிரிந்த உடும்பஞ்சோலை தாலுகா கோட்டயம் மாவட்டத்தின் கீழ் வந்தது. ‘வந்து போகிறவர்கள்’ என்ற அந்தச் சொல் மட்டும் போகாமல் தங்கிவிட்டது.

சரித்திரத்துக்குக் கேலி செய்யத் தெரியும். 1961இல் இடுக்கி நீர்த்தேக்கத்துக்காக, அப்போது உடும்பஞ்சோலை தாலுகாவிலிருந்த அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. கொட்டும் மழையில் குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அப்போதும் முதலமைச்சர் அதே பட்டம் தாணுப்பிள்ளைதான். மலைக்குக் குடிவரச் சொன்ன ஆட்சியாளரின் காலத்திலேயே குடிபோகச் சொன்னதும் நடந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அமராவதிக்கு வந்து உண்ணாவிரதம் இருந்தார். கம்யூனிசத்தை எதிர்ப்பதில் பேர்போன பாதிரியார் வடக்கன் அவருடன் சேர்ந்து நின்றார். அரசு இறங்கி வந்தது. காட்டை வெட்டியவன் ஆக்கிரமிப்பாளனா, உழவனா என்ற கேள்விக்குக் கேரளம் அந்த நாட்களில்தான் முதன்முதலாக முகம் கொடுத்தது. அதற்கு ஒரு பதிலாக 1977 ஜனவரி 1க்கு முன் குடியேறியவர்களுக்குப் பட்டா என்று 1993இல் விதி வந்தது. கேள்வி இன்னும் தீரவில்லை.

1972 ஜனவரி 26இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. கோட்டயத்திலிருந்து தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை, எர்ணாகுளத்திலிருந்து தொடுபுழா. சிலகாலம் கோட்டயத்தில் இருந்தபடியே மாவட்டத்தை ஆண்டார்கள். 1976இல்தான் தலைமையகம் பைனாவுக்கு மலையேறியது. குறவன், குறத்தி என்ற இரு மலைகளின் நடுவே 555 அடி உயர வளைவு அணை எழுந்து செயல்படத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். நெடுங்கண்டத்துக் கல்லாற்றின் தண்ணீரையும் மறித்துத் திருப்பி அந்த நீர்த்தேக்கத்துக்கு அனுப்புகிறார்கள்.

அந்தக் குறவனும் குறத்தியும் நெடுங்கண்டத்துக்குப் பக்கத்திலேயே சிலையாகவும் நிற்கிறார்கள். ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் ராமக்கல்மேடு. சிற்பி ஜினன் வடித்து 2005இல் அமைந்த பிரம்மாண்டச் சிலை அது. சீதையைத் தேடிவந்த ராமன் கால் வைத்த கல் என்று ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் அந்தப் பாறையின் விளிம்பில் நின்றால், கீழே தமிழ்நாடு விரித்த பாயாகக் கிடக்கிறது. கோம்பை, தேவாரம், உத்தமபாளையம், கம்பம். தென்னந்தோப்புகள், குளங்கள், செம்மண் கீற்றுகள். காற்று ஆளைத் தள்ளும். அந்தக் காற்றை நம்பித்தான் காற்றாலைகள் வந்தன. சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். மலையில் வேலை செய்கிற ஒரு பெண் அங்கே நின்றால் வேறொன்றைத் தேடுவாள். தன் ஊர்க் கோபுரமோ, தண்ணீர்த் தொட்டியோ தெரிகிறதா என்று.

ஏலம் இந்தத் தாலுகாவின் உயிர்நாடி. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம். மயிலாடும்பாறையில் 1978இல் தொடங்கிய இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம். இரண்டும் நெடுங்கண்டத்துக்கு அருகே. ஆனாலும் விளைச்சலைப் புரட்டிப்போட்ட ஞள்ளானி ரகத்தைத் தந்தது ஆராய்ச்சி நிலையமன்று, இடுக்கியின் ஒரு விவசாயக் குடும்பம். அக்குடும்பத்தின் வீட்டுப் பெயரே ரகத்தின் பெயராயிற்று. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கே வண்டன்மேட்டுக்கு அருகிலுள்ள புற்றடியிலும், கீழே போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. விளைவது ஒரு மாநிலம். விலை வைப்பது இரு மாநிலம். 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனபோது மலை முழுக்க அதே பேச்சு. முந்தைய ஆண்டின் வெள்ளமும் அவ்வாண்டின் வறட்சியும் செடிகளை அழித்ததால் ஏறிய விலை அது. காய் இருந்தவர்களுக்கு யோகம். பலரிடம் காய் இல்லை.

காயை எடுப்பவர்கள் யார்? விடியற்காலையில் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் நின்று பார்த்தால் தெரியும். தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து ஜீப்புகள் வரிசையாக ஏறுகின்றன. ஏழெட்டுப் பேர் ஏறவேண்டிய வண்டியில் இருபது பேர், பெரும்பாலும் பெண்கள். சாயங்காலம் அதே வண்டியில் இறக்கம். எஸ்டேட் லயங்களிலேயே தலைமுறைகளாகத் தங்கிவிட்டவர்கள் வேறு. 2011 கணக்கெடுப்பின்படி இடுக்கி மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ்.

அந்த ஆண்டு டிசம்பரில்தான் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தது. குமுளியும் கம்பம்மெட்டும் அடைபட்டன. உடும்பஞ்சோலைப் பகுதித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பயந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுத் தடங்களில் தமிழ்நாட்டுக்கு இறங்கினார்கள். முப்பாட்டன் ஏறிவந்த அதே தடம். அணையோ 1895இல் கட்டியது; இவர்களில் யாரும் அதைக் கட்டவுமில்லை, இடிக்கச் சொல்லவுமில்லை. சில வாரங்களில் சூடு தணிந்தது. காய் எடுக்க ஆளில்லாமல் தோட்டக்காரர்கள் தவித்தார்கள். அரிசி வாங்கக் காசில்லாமல் தொழிலாளர்கள் தவித்தார்கள். ஜீப்புகள் மறுபடி ஏறின. 2020இல் கொரோனாவுக்காக எல்லை மூடியபோதும் இதே கதைதான். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே பிழைப்பு என்பது கோடு அடைபடும்போதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது.

நெடுங்கண்டத்தின் முக்கிய இடங்கள் எவையென்று கேட்டால் ராமக்கல்மேட்டையும் கைலாசப்பாறையையும் தூவல் அருவியையும் சொல்வார்கள். சாந்தன்பாறைக்கு அருகே கள்ளிப்பாறையில் 2022இல் பூத்த நீலக்குறிஞ்சியைச் சொல்வார்கள். 2003இல் தேசியப் பூங்காவான, 12.82 சதுர கிலோமீட்டர் மதிகெட்டான்சோலையையும் சொல்வார்கள். யாரும் சொல்லாத முக்கிய இடம் ஒன்று உண்டு. தாலுகா ஆபீசுக்கு வெளியே மனு எழுதிக் கொடுப்பவரின் மேஜை.

உடும்பஞ்சோலைத் தோட்டத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மகளின் சாதிச் சான்றிதழுக்காக பஸ் ஏறி வரும் ஒரு பெண், அந்த மேஜைக்கு முன்னால்தான் வந்து உட்கார்கிறாள். அவள் சொல்வது தமிழில். அவர் எழுதுவது மலையாளத்தில்.

“அக்கா, உங்க தாத்தா எந்த வருஷம் மலைக்கு வந்தாரு?”

“எங்கம்மாவே இங்க பொறந்ததுதான் சாரே. தாத்தா வந்தது யாருக்குத் தெரியும்?”

“பேப்பர் ஏதாச்சும் இருக்கா? பழைய சீட்டு, ரேஷன் கார்டு?”

“லயத்துல ஒழுகற மழையில எந்தப் பேப்பர் சாரே நிக்கும்?”

அவர் பேனாவைக் கீழே வைப்பதில்லை. எழுதத்தான் செய்கிறார். ஆனால் எதை எழுதுவது?

கேள்வி சாதாரணமானதன்று. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலவாரியானது. குடியரசுத் தலைவரின் ஆணை வந்த 1950தான் எல்லை. அதற்கு முன்பே குடும்பம் கேரள மண்ணில் இருந்தது என்று காட்டவேண்டும். இது ஏழைகளின் பிரச்சினை மட்டுமில்லை. பக்கத்துத் தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் வென்ற எம்.எல்.ஏ. ராஜாவின் தேர்தலையே 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 மேயில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. மதம் பற்றிய கேள்வியோடு அவ்வழக்கில் எழுந்த இன்னொரு கேள்வி, முன்னோர் 1950க்கு முன் மலைக்கு வந்தவர்களா என்பது. எம்.எல்.ஏ.வின் வழக்கை உச்சநீதிமன்றம் வரை கொண்டுபோக வக்கீல்கள் உண்டு. காய் எடுக்கிறவளுக்கு மனு எழுதுபவர்தான் வக்கீல்.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்கிறது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அந்த உரிமை பொருந்தும். நல்ல சட்டம். ஆனால் சட்டம் இருப்பதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்; தமிழில் எழுதியதைப் படிக்க மேஜைக்கு அந்தப் பக்கமும் ஓர் ஆள் வேண்டும். இரண்டும் வாய்க்காத நாட்களில் வேலையை முடிப்பது மலையாள மனுதான். அதற்காக அந்த மனு எழுதுபவரையோ, வரிசையில் அவளுக்குப் பின்னால் பட்டாவுக்காக நிற்கும் பாலாக்காரரின் பேரனையோ குறைசொல்லிப் பயனில்லை. அவர் கையிலும் ஒரு பழைய சீட்டு இருக்கிறது. 1977க்கு முன் தாத்தா இங்கே இருந்தார் என்று அவரும் நிரூபித்தாக வேண்டும். அவளுக்கு 1950, அவருக்கு 1977. இருவரிடமும் மலை கேட்பது ஒரே கேள்வி: நீ எப்போது வந்தாய்?

உடும்புகள் வாழ்ந்த சோலையில் ஆதியில் இருந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மன்னான், முதுவான் போன்ற பழங்குடி மக்களுக்குத்தான் உண்டு. மற்ற எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு மெட்டின் வழியாக ஏறி வந்தவர்கள். ஒரு சாரார் கிழக்கிலிருந்து நடந்து வந்தார்கள். மறு சாரார் மேற்கிலிருந்து நடந்து வந்தார்கள். நடந்து வந்தவர்களை ஆள ஓர் ஆபீஸ் வந்தது. அது சாலைகள் கூடுமிடத்தில் உட்கார்ந்துகொண்டது. பெயரை மட்டும் மேட்டிலிருந்து எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் நெடுங்கண்டம் பஸ் நிலையத்தில் உடும்பஞ்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை என்று கூவி ஆள் ஏற்றுகிறார்கள். அந்தப் பெண் பையில் ரசீதை மடித்து வைத்திருக்கிறாள். இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது இன்னொரு நாள் கூலி. பஸ் வளைவுகளில் ஏறும்போது அவள் பக்கத்து இருக்கைக்காரியிடம் மலையாளத்தில் ஏலக்காய் விலை கேட்கிறாள். அந்தச் சேச்சி தமிழில் பதில் சொல்கிறாள்.

ரசீதின் தலைப்பில் அச்சடித்திருக்கும் தாலுகாவின் பெயர் உடும்பஞ்சோலை. அவள் பிறந்த ஊரின் பெயர். பிறந்தாள் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்.